கிப்லா பக்கமா நட

மூன்று வருஷத்துக்கு முன்னால், விருத்தாசலத்தில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே நான் முப்பத்தொன்பது நாள் நடந்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடந்தேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரப் பெட்டிக்குப் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்ன யூனிட் ஒன்றில் வேலை. சூளையிலிருந்து வரும் சரக்கை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதைக் கழிப்பது என் பொறுப்பு. நல்ல பீங்கான் கணீரென்று பேசும். கீறல் இருந்தால் சத்தம் அமுங்கிவிடும். பதினோரு வருஷமாகத் தட்டித் தட்டி, எந்தக் குறையும் என் காதுக்குத் தப்பாது என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர் இன்னும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் மங்கலம்பேட்டைக்காரர். ஜித்தாவில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததைக் கூட்டினால் எட்டு மாதம் தேறும். ஆரம்பத்தில் போனைக் கீழே வைக்க மனசு வராது. போகப்போக “சாப்பிட்டியா?”, “சாப்பிட்டேன்”, “மழ பேயுதா?”, “இல்ல” என்று பேச்சு சுருங்கிப்போனது. அந்த வருஷம் கிடைக்க வேண்டிய லீவும் தள்ளிப்போனது. ஒருநாள் போனை வைத்தபிறகு, இன்றைக்கு என்ன பேசினோம் என்று யோசித்தேன். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். அறைத் தோழர்களோடு சேர்ந்து போனில் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார். எல்லாமே கட்டம் கட்டமாக இருக்கும் ஓர் உலகம். மலை, கடல், காடு, ஆடு மாடு எல்லாம் உண்டு. எல்லை என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. அவர் அதில் இரண்டு வாரம் நடந்துபோய், ஒரு பனிமலை அடிவாரத்தில் வீடு கட்டியிருந்தார். என்னையும் அந்த உலகத்துக்குள் சேர்த்துவிட்டு, அந்த வீட்டுக்கு வரச் சொன்னார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே புல்வெளியில்தான் வந்து இறங்குவார்கள். அங்கிருந்து நடக்க வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று காட்டும் எண்களை அவர்கள் அணைத்து வைத்திருந்தார்கள். அது தெரிந்துவிட்டால் நடப்பதில் என்ன ருசி என்பது அவர்கள் கட்சி.

எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கேட்டேன்.

“கிப்லா பக்கமா நட. ஒரு கடல் வரும். தாண்டுனா மணல் காடு. அப்புறம் பனிமல. அங்கதான் நம்ம வூடு.”

கிப்லா என்பது தொழும்போது மக்காவை நோக்கி நாங்கள் முகம் திருப்பும் திசை. எங்கள் வீட்டில் கிழக்கு மேற்கு என்று சொல்கிற வழக்கமே கிடையாது. கிப்லா பக்கத்து ஜன்னல், கிப்லா பக்கத்து அலமாரி என்றுதான் பேச்சு. அந்த உலகத்திலும் சூரியன் ஒழுங்காக உதித்து மறைந்தது. நமக்குக் கிப்லா மேற்கு. சூரியன் இறங்கும் பக்கம் பார்த்து நடக்கத் தொடங்கினேன்.

வேலை முடிந்து வந்து தினமும் ஒன்றரை மணி நேரம் நடை. அங்கே இருட்டினால் கட்டில் போட்டுப் படுக்க வேண்டும். வழியில் செத்துப்போனால் கடைசியாகப் படுத்த கட்டிலில்தான் முழிப்பு வரும். நான் மூன்று தடவை செத்தேன். ஒரு தடவை பள்ளம், இரண்டு தடவை எலும்புக்கூடு. வழி தப்பாமல் இருக்க, கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு ஒரு தூண் நட்டு அதன்மேல் ஒரு தீப்பந்தம் செருகிக்கொண்டே போனேன். ஆறு நாளில் கடல் வந்தது. பார்த்தாயா, சரியாகத்தான் வருகிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த உலகத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கடல் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, பேச்சு திரும்பி வந்தது. இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று அவர் கேட்பார். மூங்கில் காட்டில் நுழைந்து வெளியே வர முடியாமல் தவித்ததைச் சொல்வேன். இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மணல் காடு மட்டும் வரவில்லை. வரும், வரும் என்றார்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், பனிமலை வீட்டு மாடியில் விளக்கேற்றி வைத்து நிற்கிறேன், ஓர் உயரமான மலையில் ஏறிப் பார் என்றார். ஏறினேன். நாலு பக்கமும் காடும் கருமையும். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. எனக்குள் எதுவோ பொத்துக்கொண்டது.

“நீங்க அங்க இல்ல. இல்லாத எடத்துக்கு என்ன நடக்க வுட்டு வேடிக்க பாக்குறீங்க” என்றேன்.

“நான் இங்கதான் நிக்கிறேன். நீதான் வரல.”

விளையாட்டைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ஆறு வருஷத்தையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டேன். நாலு நாள் பேசவில்லை. அவர் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. விரிசல் விட்டதைக் கழித்துப்போடுவது என் தொழில் என்று, வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. அழுதேன் என்பதையும் ஒளிக்கப்போவதில்லை.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. அவருக்கு விடுமுறை. என்னோடு இருக்கும் என் மாமியாரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அங்கே பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வந்ததும், தொழுதுவிட்டு வருகிறேன் என்று போனை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். மாமி என் கையில் போனைத் திணித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். வேண்டுமென்றுதான் செய்தார் என்று நினைக்கிறேன்.

அவர் தொழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் வெயில் விழுந்து, அவர் நிழல் முன்னால் சுவர் வரைக்கும் நீண்டு கிடந்தது. ஏதோ இடறியது. நான் அஸர் தொழும்போது வெயில் கண்ணில் குத்தும். நிழல் எனக்குப் பின்னால்தான் விழும். இவருக்கு மட்டும் ஏன் முன்னால் விழுகிறது?

அவர் வந்து போனை எடுத்ததும், சலாம்கூடச் சொல்லாமல் கேட்டேன்.

“உங்களுக்குக் கிப்லா எந்தப் பக்கம்?”

“கெழக்கு. மக்கா ஜித்தாவுக்குக் கெழக்கதான இருக்குது.”

சொல்லிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். பத்து வருஷம் அங்கே தொழுத மனுஷன். கிப்லா என்றால் அவருக்குக் கிழக்குதான். எனக்குப் பிறந்ததிலிருந்து மேற்கு. ரெண்டு பேரும் ஒரே இடத்தை நோக்கித்தான் தினமும் முகம் திருப்பிக்கொண்டிருந்தோம். அதை மனசில் வைத்துச் சொன்ன வழியில்தான் நான் பன்னிரண்டு நாள் அவரைவிட்டு விலகிப் போயிருந்தேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். மாமி கரண்டியோடு ஓடி வந்து பார்த்தார்.

விளையாட்டில் ஒரு கட்டளை அடித்தால் கண் மூடித் திறப்பதற்குள் என்னைத் தன் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். தப்பாக நடந்தது நான், திருத்தி நடப்பதும் நானாகத்தான் இருக்க வேண்டும்.

“நடந்தே வரேன். வெளக்க மட்டும் அணச்சிடாதீங்க” என்றேன்.

திரும்பும் வழி சுலபம். நான் நட்ட தூண்கள் வரிசையாக நின்றன. ஒன்பது நாளில் பழைய புல்வெளிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே நிற்கவில்லை. சூரியன் எழும் பக்கம் பார்த்து இன்னும் பதினாலு நாள். கடல் வந்தது. இந்தத் தடவை அதன் அக்கரையில் மணல் காடும் வந்தது.

முப்பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விடுமுறை, அவருக்கு வேலை நாள். காலை பத்து மணிக்கு மணல்மேட்டில் ஏறினேன். அந்த உலகத்தில் அப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் பனிமலை, அதன் காலடியில் ஒரு வீடு. வீட்டின் மேற்குச் சுவர் முழுக்க, நான் வர வேண்டிய பக்கமாகவே பார்த்து, வரிசை வரிசையாக விளக்குகள். கிட்டே போனேன். முதல் விளக்கின் கீழே ஒரு பலகை: ‘இன்னிக்குக் கெளம்பிட்டா.’

எண்ணினேன். முப்பத்தெட்டு. நேற்று வரைக்கும் நாளுக்கு ஒன்று. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. நான் போனை எடுக்காத அந்த நாலு நாளுக்கும் நாலு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உடனே அவரைக் கூப்பிட்டேன். வேலைக்குப் போகும் வேனில் இருந்தார்.

“எங்க இருக்க?”

“உங்க வாசல்ல.”

அதற்கப்புறம் அந்தப் பக்கம் வேன் சத்தம் மட்டும் கேட்டது. நானும் போனை வைக்கவில்லை.

இப்போது அவர் இங்கேயே வந்து, வேப்பூர் ரோட்டில் ஏசி ரிப்பேர் கடை போட்டுவிட்டார். சண்டை முன்னைவிட ஜாஸ்தி. நானும் முன்னைப் போலவே, சொல்வதெல்லாம் சரி என்ற தெம்போடுதான் பேசுகிறேன். ஆனால் அவர் சொல்லும் வார்த்தை ஏதாவது என்னைக் குத்தினால், பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி அவர் எங்கே நின்றுகொண்டு அதைச் சொல்கிறார் என்று பார்த்துவிடுகிறேன்.