கடைசிக் கேள்வியிலிருந்து

சாதாரண தரப் பரீட்சையில் மற்ற எல்லாப் பாடங்களும் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் நான் கவிழ்ந்த வருஷம் அப்பா ஒரு கூடை வாங்கி வந்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கிற புத்தம் புதுக் கூடை. அதை எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குள் கதவுக்கு நேரே ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னொருக்கா எழுதிப் பாரு. அப்பவும் இங்கிலீசு வரலேன்னா பேர் பதிஞ்சிருவோம்" என்றார். பேர் பதிவதென்றால் தோட்டத்துச் செக்ரோலில், தொழிலாளர் பதிவேட்டில், ஏறுவது. ஏறிவிட்டால் பிறகு காலம் முழுக்கக் கொழுந்துதான். நான் டீச்சராக ஆசைப்பட்டவள். அப்பா கோபத்தில் சொல்லியிருந்தால்கூட அழுது சமாளித்திருப்பேன். அவர் அமைதியாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த சிநேகிதியும் ஆங்கிலத்தைக் கோட்டைவிட்டிருந்தாள். அவளுக்குப் பரீட்சையன்று காய்ச்சல். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி ஹட்டன் டியூட்டரிக்கு டியூஷன் போனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தோம். முதல் நாள் மாஸ்டர் கொடுத்த கிராமர் கேள்விகளை மறுநாள் தேயிலைச் செடிகளுக்கு மேலாகக் கத்திக் கத்திச் செய்வோம். பக்கத்தில் நின்ற அக்காமார் எங்களுக்குள் சண்டை என்றே நினைத்தார்கள்.

உண்மையில் சண்டை எனக்கும் ஆங்கிலத்துக்கும்தான். 'பெண்களில் ஒவ்வொருத்தியும்' என்று படித்ததும் என் கண்முன் மலை நிறையப் பெண்கள் வந்து நிற்பார்கள். ஆங்கிலமோ ஒருத்திக்குரிய வினையைக் கேட்கும். பறிப்பது, நிறுப்பது என்று அடுக்கிக்கொண்டு வந்தால் மூன்றாவதும் அதே சாயலில் வரவேண்டும். கொஞ்சம் மாற்றி எழுதினால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு எரிச்சல் வரும்.

எல்லாவற்றையும்விட மோசம், வாக்கியத்தின் முன்னால் தொங்கிக்கொண்டு வரும் அடைகள். 'மலையேறும்போது பங்களா தெரிந்தது' என்று தமிழில் சொன்னால் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் குழப்பமில்லை. அதையே அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் பங்களாவே மலையேறுகிறதாம்.

"பங்களாவுக்கு ஏது காலு? படிக்கிறவனுக்குப் புரியாதா?" என்று நான் கத்துவேன்.

"ஏறுனது யாருன்னு கேளு புள்ள. அவள அடுத்தாப்ல போடு. அவ்வளவுதான்" என்பாள் அவள், கை நிற்காமல்.

அவளுக்கு வாயைவிடக் கை வேகம். தன் நிரையை, அதாவது அவளுக்கென்று பிரித்துக் கொடுத்த தேயிலை வரிசையை, எனக்கு வெகு முன்னாலேயே முடித்துவிடுவாள். முடித்ததும் சும்மா நிற்கமாட்டாள். எங்கள் மலையில் யாருமே நிற்பதில்லை. பின்தங்கியவளின் நிரைக்கு மறுகோடியில் போய் எதிர்ப்பக்கமாகப் பறித்துக்கொண்டு வருவார்கள். பறித்தது பின்தங்கியவள் கூடைக்கே போகும். இரண்டு பேரும் சந்திக்கிற இடத்தில் நிரை முடிந்தது. இதற்கு யாரும் கேட்பதுமில்லை, நன்றி சொல்வதுமில்லை. மேற்பார்க்கிற கங்காணிக்கும் மலையில் வேலை முடிந்தால் சரி.

பரீட்சை விண்ணப்பங்களுக்கு மாஸ்டர்தான் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு முன்னால் அவரே ஒரு சோதனை வைத்தார். "இதுல தேறாதவங்க அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அடுத்த வருஷமென்று ஒன்று இல்லையென்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ரோனியோ மை மணக்கும் இரண்டு தாள்கள். முதல் தாளை எப்படியோ ஒப்பேற்றிவிட்டு, இரண்டாம் தாளின் தொடக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஒரே வாங்குப் பலகையில் பக்கத்திலிருந்த சிநேகிதி தன் பேப்பரை முடித்துக் கவிழ்த்து வைத்தாள். என் இரண்டாம் தாளின் கீழ்ப்பாதியைத் தன் பக்கம் இழுத்தாள். "நீ மேலேருந்து வா" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, கடைசிக் கேள்வியிலிருந்து எழுதத் தொடங்கினாள். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அப்பாடா என்று நானும் மேலேயிருந்து எழுதினேன்.

மாஸ்டர் எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றார். "என்ன நடக்குது இங்க?"

"இவ நெர பின்தங்கிருச்சு சேர்" என்றாள் அவள், நிமிராமலே.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள், அவர்களுக்கும் அதில் தப்பு தெரியவில்லை. மாஸ்டர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய அம்மா கொத்மலைப் பக்கம் கொழுந்தெடுத்தவர். சிரிப்பை அடக்கமுடியாமல் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. திரும்பியபோது முகத்தை எப்படியோ கடுமையாக்கியிருந்தார்.

"இது மலை இல்ல. இங்க அவங்கவங்க நெரய அவங்கவங்கதான் முடிக்கணும்" என்று சொல்லி, அவளைப் படிக்கட்டில் உட்கார அனுப்பினார். எனக்குப் புதுத்தாள் கொடுத்தார். மயிரிழையில் தேறினேன். கையெழுத்துப் போடும்போது, "பரீட்சையில அந்தப் புள்ளயோட கையக் கட்டித்தான் வைக்கணும்" என்றார்.

உண்மைப் பரீட்சையில் அவள் அடுத்த வரிசையில், எனக்குச் சற்று முன்னால் இருந்தாள். பாதி வரை பிழையில்லாமல் போனேன். பிறகு வந்தது பழைய எதிரி. மழையில் ஓடுகிறபோது கடை தெரிந்ததாம், திருத்த வேண்டுமாம். மூளை மரத்துவிட்டது. ஆணியில் தொங்கும் கூடைதான் கண்ணுக்குள் வந்தது. தலையை நிமிர்த்தினேன்.

சிநேகிதி முடித்துவிட்டிருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படுகிற பாட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு பயமும் போனது. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுக் கடைசிக் கேள்விக்குப் போனேன். அவளாக இருந்தால் எப்படி வருவாளோ அப்படியே கீழேயிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்தேன். கடைசியில் அந்த ஒன்றுதான் மிச்சம். ஓடினது யார் என்று கேட்டேன். நான்தான். எழுதினேன்.

முடிவு வந்த அன்று அப்பாவிடம் போனேன். தேறிவிட்டேன் என்று இரண்டு தடவை சொன்னேன், இரண்டு தடவையும் தலையாட்டினார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் எழுந்தபோது ஆணியில் கூடையைக் காணோம். வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்தார். உள்ளே எங்கள் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.