தண்ணி மொதல்ல

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் முதலில் அவர்களுக்கு பிரஷர் பார்க்கிற ஆள் நான். விருதுநகர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் தியேட்டர் டெக்னீஷியனாக இருக்கிறேன். மயக்கம் கொடுக்கிற மெஷின், ஆக்சிஜன், தொண்டையில் போடுகிற குழாய் எல்லாம் என் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் போவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன், ஒரு ஆவியும் எனக்கு வணக்கம் சொன்னதில்லை. மாமியார் வீட்டில் யாருக்காவது சாமி வந்தால்கூட நான் வாசலில் நின்று போன் நோண்டிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காகவாவது முழுக்கக் கேளுங்கள், சிரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் எங்கள் டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெஞ்சு ஆப்பரேஷன் செய்கிறவர், காரியாபட்டிப் பக்கத்துக்காரர். பெரிய ஊர்களில் இருந்து கூப்பிட்டும் போகவில்லை. இதயத்தை ஒட்டிக்கொண்டிருக்கிற கட்டியைக்கூட வெங்காயச் சருகை உரிக்கிற மாதிரி பதறாமல் பிரித்தெடுப்பார், பார்த்துக்கொண்டு நிற்கிற நமக்குத்தான் உள்ளங்கை வேர்க்கும். எடுக்கிற ஒவ்வொரு கட்டியிலும் நோயாளியைக் கேட்டுக்கொண்டு ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்கு அனுப்புவார். எந்தக் கம்பெனி, என்ன வேலை, எந்தப் பொடியைத் தொட்டீர்கள், காட்டில் பயிருக்கு என்ன மருந்து அடித்தீர்கள் என்று உட்கார்ந்து விசாரிப்பார். ஒருநாள் நான், "பட்டாசு மருந்துதான மேடம் எல்லாத்துக்கும் காரணம்?" என்று பெரிய ஆள் மாதிரி கேட்டேன். "தெரியலையே. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லப் பழகணும்ல, அதுதான் பாதி ஆராய்ச்சி" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அவர் கத்தியால் அல்ல, இந்த ஒரு பேச்சால்தான்.

மாரிச்சாமி அண்ணாச்சி எம். புதுப்பட்டியில் இருந்து வந்தவர். பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற வேலை. எங்களிடம் வரும்போதே அவருக்குக் குரல் கிடையாது, வெறும் காற்றுதான் வரும். பொடி தொண்டையில் இறங்கிவிட்டது, சீசன் முடியட்டும் என்று மிளகுக் கசாயமாகக் குடித்து மாதக்கணக்கில் தள்ளிவிட்டார். ஸ்கேன் எடுத்தால் இடது நெஞ்சுக்குள், குரலுக்குப் போகிற நரம்பைப் பிடித்துக்கொண்டு, நுரையீரலோடு ஒட்டி ஒரு கட்டி. மூத்த மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அதைப் பார்க்க அவர் இருப்பாரா என்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே கேள்வி.

ஆப்பரேஷன் அன்று காலை தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். உதடு அசைகிறது, ஒன்றும் விளங்கவில்லை. அவர் மனைவி முத்துலட்சுமி அக்காதான் சொன்னார்: "உள்ள தண்ணி வச்சிருக்கீகளான்னு கேக்காரு. கம்பெனியிலயும் தண்ணி வாளியப் பாக்காம ஷெட்டுக்குள்ள கால் வைக்க மாட்டாரு தம்பி."

"அண்ணாச்சி, இங்கன என்ன சரவெடியா கட்டப் போறோம்?" என்றேன். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குனிந்து அவர் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் முழுவதையும் கேட்டார். "வைக்கச் சொல்றேன் அண்ணாச்சி. பெரிய கிண்ணம் நிறைய. போதுமா?" என்றார். அண்ணாச்சி தலையாட்டினார். சொன்னபடியே நர்ஸ் செல்வி பெரிய கிண்ணத்தில் உப்புத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி டாக்டரம்மாவின் கைப்பக்கம் வைத்தார்.

இதெல்லாம் நடுராத்திரி நடந்ததாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டப்பகல், தலைக்கு மேல் அத்தனை பெரிய விளக்கு. நெஞ்சைத் திறந்து, இடது நுரையீரலை மடக்கிவைத்து, வலது பக்கம் மட்டும் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. கட்டி ஒட்டியிருந்த இடத்தில் நுரையீரலில் ஒரு ஓரத்தையும் சேர்த்து வெட்ட வேண்டியதாயிற்று. அந்நேரம் பார்த்து உடம்பில் ஆக்சிஜன் அளவு குறைந்தது. மயக்க டாக்டர் முழு ஆக்சிஜனைத் திறந்து, மடக்கிவைத்த நுரையீரலுக்கும் கொஞ்சம் கொடுத்தார். வெட்டிய ஓரத்தில் இருந்து புஸ்ஸென்று கசிகிற சத்தம் எனக்கும் கேட்டது, ஆனால் அதை யோசிக்க நேரமில்லை, உள்ளே ஒரு ரத்தக்குழாய் கசிய ஆரம்பித்துவிட்டது. செல்வி துணியை வைத்து அழுத்தினார். டாக்டரம்மா காட்டரியைக் கையில் எடுத்தார். பேனா மாதிரி இருக்கும், கரண்டில் பொறி வைத்து ரத்தத்தை நிறுத்துகிற கருவி.

அப்போதுதான் அந்தக் குரல்.

"நில்லு, நில்லு! தண்ணி மொதல்ல!"

நம்பினால் நம்புங்கள், நாலு ஷெட்டுக்குக் கேட்கிற மாதிரி கட்டையான ஒரு ஆம்பிளைக் குரல். முடிவில் நாக்கைத் தட்டி "ச்சொ" என்று ஒரு சலிப்பு, வேலை தெரியாதவனைப் பார்த்து மேஸ்திரி தட்டுவாரே, அப்படி. டாக்டரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த நொடி கீழே பார்த்தார், காட்டரியைத் தட்டில் போட்டார், கிண்ணத்தோடு தண்ணீரை எடுத்து நெஞ்சுக்குள் ஊற்றினார். "ஆக்சிஜனக் குறைங்க! துணி எல்லாத்தையும் நனைங்க!" ரத்தக் கசிவை விரலால் அழுத்திப் பிடித்து, நூல் போட்டே கட்டினார். பொறி வைக்கவே இல்லை.

கிடந்த துணி காய்ந்த துணி. நெஞ்சுக் கூடு முழுக்கக் கசிந்த ஆக்சிஜன். ஒரு பொறி போதும், அண்ணாச்சியின் நெஞ்சுக்குள்ளேயே தீப்பிடித்திருக்கும். டாக்டரம்மாவுக்கு இது தெரியாததல்ல, எங்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறார். ரத்தத்தைப் பார்த்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தையல் முடிந்து வெளியே வந்ததும் அவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். வேறு யாராக இருந்தாலும் சாமி காப்பாத்திச்சு என்று கும்பிட்டிருப்பார்கள், இல்லை, பிரமை என்று தள்ளியிருப்பார்கள். அவர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, என்ன கேட்டது, எந்தப் பக்கமிருந்து கேட்டது என்று விசாரித்தார். செல்விக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது. அண்ணாச்சியின் தலைமாட்டில், வாய்க்கு ஒரு சாண் தள்ளி நின்ற மயக்க டாக்டருக்கு மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை, பக்கத்து அறை, வராந்தா, மாடிப்படி எல்லாம் போய்ப் பார்த்துவிட்டேன், யாரும் சத்தம் போட்டிருக்கவில்லை. குழாய் நான் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. குரல் வருகிற வழியையே அடைத்துக்கொண்டு போகிற குழாய் அது. போதாததற்கு உடம்பில் ஒரு தசைகூட அசைய முடியாதபடி மருந்து வேறு.

"அப்ப அது என்ன மேடம்?" என்றேன்.

"தெரியலப்பா" என்றார். முகத்தில் கூச்சம் இல்லை. எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

கட்டி புற்று இல்லை என்று ரிசல்ட் வந்தது. ஆனால் குரல் நரம்பு கட்டிக்குள்ளேயே போயிருந்ததால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அண்ணாச்சி தையில் மகள் கல்யாணத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் காற்றாகவே ஆசீர்வாதம் பண்ணினாராம். கல்யாணம் முடிந்த கையோடு பரிசோதனைக்கு வந்தார்கள், சாத்தூர் சேவு ஒரு பெரிய பொட்டலம். தியேட்டரில் நடந்ததை அவர்களிடம் நாங்கள் யாரும் மூச்சு விட்டிருக்கவில்லை.

பேச்சுவாக்கில் முத்துலட்சுமி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவுக கொரலு எப்பிடி இருக்கும்னு நீங்க கேட்டதே இல்லைல்ல டாக்டரம்மா? இருங்க" என்று போனை எடுத்தார். சீக்கு வருவதற்கு முன்னால் இருக்கன்குடி கோயிலில் பொங்கல் வைக்கும்போது எடுத்த வீடியோ. மூன்று கல், பானை, சுற்றிலும் கூட்டம். யாரோ ஒரு பையன் ஓலையைக் கொளுத்தி அடுப்பில் வைக்கப் போகிறான். படத்துக்கு வெளியே இருந்து ஒரு குரல்.

"நில்லு, நில்லு! தண்ணி மொதல்ல!" அப்புறம், ச்சொ.

டாக்டரம்மா போனை வாங்கி இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். மூன்றாம் தடவை போனைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அண்ணாச்சியும் குனிந்து அந்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் காற்றாகச் சொன்னார். "எங்கொரலு எனக்கே மறந்துபோச்சு தம்பி."

எனக்கு மறக்கவில்லை. இப்போதும் தியேட்டரில் காட்டரியை எடுக்கும்போதெல்லாம், தண்ணீர்க் கிண்ணம் கைப்பக்கமே இருந்தாலும், அந்த "ச்சொ" வந்துவிடுமோ என்று என் காது காத்துக்கொண்டிருக்கிறது.