கேஸை ஏற்றுக்கொண்டவன்

ஒப்புதல் வாக்குமூலம் தானாக முன்வந்து தரப்பட்டதாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, வழக்கின் மற்ற உண்மைகளோடு அது பொருந்தவும் வேண்டும். பொருந்தாவிட்டால், ‘நான்தான் செய்தேன்’ என்று ஒருவன் கோயில் மணியை அடித்துச் சொன்னாலும் நீதிமன்றம் அதை ஒதுக்கிவிடலாம். நான் வேலை பார்த்த இரண்டு நாடுகளிலும் விதி ஏறக்குறைய இதுதான். மணி மட்டும் என்னுடைய சேர்க்கை.

நல்ல விதி. அதைப் பயன்படுத்த யாராவது ஒருவர் கோப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள ஒரே சங்கடம்.

ஊரில் நான் மாவட்ட நீதிமன்றத்தில் குற்ற வழக்குகள் நடத்தினேன். அங்கே அரசு வழக்கறிஞர் பதவி ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போகும். வேண்டியவர்கள் கோட்டையில் இருந்தால் நான் அரசுத் தரப்பு. அவர்கள் தேர்தலில் தோற்றால் மறுவாரமே எதிர் மேசை. அண்ணனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தம்பிக்கு ஜாமீன் மனு போட்டதும் உண்டு. தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. “அவனையே உள்ள வச்ச வக்கீலுன்னா என்னைய வெளிய எடுக்கத் தெரியாமலா போகும்?” என்றான். கோட்டு மாறுவதில்லை, நாற்காலிதான் மாறும். இதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. ஒரு நாற்காலியில் இருந்தவனுக்கு, மற்ற நாற்காலிக்காரன் எதை மேசைக்கடியில் வைத்திருப்பான் என்று தெரியும்.

பிறகு துபாயில், தேராப் பகுதியில், ஓர் அரபு வழக்கறிஞரின் அலுவலகத்தில் சட்ட ஆலோசகனாகச் சேர்ந்தேன். இங்கே குற்றவியல் நீதிமன்றத்தில் வாதாடுவது இந்நாட்டவரின் உரிமை. நான் குறிப்பு எழுதலாம், கட்சிக்காரரைச் சந்திக்கலாம், பின்வரிசையில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. வாயால் பிழைத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஓய்வுக்காலம் அமையாது என்று மகள் சொன்னாள். தமிழ்க் கட்சிக்காரர்கள் எல்லோரையும் என் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்படி வந்தவன்தான் பரமக்குடிப் பக்கத்துப் பையன். பையன் என்றால் முப்பதைத் தொட்டவன், கல்யாணமாகாதவன், ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிரைவர். முவைலா என்ற பகுதியைத் தாண்டிப் போகும் தொழிற்பேட்டைச் சாலையில், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில், கம்பெனி பிக்கப் ஒருவர்மேல் மோதியது. இறந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர், ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். “நான்தான் ஓட்டினேன், வேகமாக வந்தேன், என் தப்பு” என்று போலீஸிடமும் அரசுத் தரப்பிடமும் நீதிபதியிடமும் ஒரே மாதிரி சொல்லியிருந்தான். முதல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. தொழிலாளர் கேம்ப்பில் அவனோடு இருந்தவர்கள் கோப்பைக் கொண்டுவந்தபோது மேல்முறையீட்டுக்கு நாள் நெருங்கியிருந்தது.

குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு இங்கே திறந்திருக்கும் கதவு ஒன்றுதான். இறந்தவரின் வாரிசுகள் மன்னித்து எழுதித் தரவேண்டும். அரபியில் தனாஸுல் என்பார்கள். அது வந்தால் நீதிபதி இரங்கலாம், தண்டனை குறையலாம், அவன் ஊர் போய்ச் சேரலாம். இங்கே வாரிசு என்பது யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய். அவர் மூத்த மகனுக்கு அதிகாரப் பத்திரம் எழுத வேண்டும். கொழும்பில் முத்திரை, தூதரகத்தில் முத்திரை, இங்கே வெளியுறவு அமைச்சகத்தில் முத்திரை, பிறகு சட்ட மொழிபெயர்ப்பாளரின் முத்திரை. ஒரு தாயின் துக்கம் உண்மைதான் என்று இத்தனை அலுவலகங்கள் உறுதிசெய்த பிறகுதான் அந்தத் தாள் மேசைக்கு வரும்.

வந்தது. அதோடு அந்த மூத்த மகனும் வந்தார். பர்துபாயில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்காளர். அப்ராப் படகில் கிரீக்கைக் கடந்து வந்ததாகச் சொன்னார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. தேநீரைத் தொடவில்லை.

“கையெழுத்து வைக்கிறதில எனக்கொரு பிரச்சினையும் இல்லை ஐயா. அம்மாவும் சரியெண்டுதான் சொல்லுறா. ஆனா ஆரை மன்னிக்கிறன் எண்டு எனக்குத் தெரிய வேணுமெல்லோ?”

“பேரு கோப்புல இருக்கே.”

“பேர் இருக்கு. ஆள் இல்லை.”

நான் பேனாவை மூடினேன்.

“தம்பி அந்த இடத்திலயே முடிஞ்சிட்டான் எண்டு உங்கட ஆள் கோர்ட்டில சொல்லியிருக்கிறான். ஆம்புலன்ஸ் வரேக்க அவனுக்கு உயிர் இருந்தது. தலைக்குக் கீழ ஆரோ துவாய் மடிச்சு வைச்சிருந்தவை. அந்தத் துவாயை ஆஸ்பத்திரியில எனக்குத் தந்தவங்கள். என்ன நிறமெண்டு உங்கட ஆளிட்ட ஒருத்தர் மூலமாக் கேட்டுவிட்டனான். துவாயோ, எந்தத் துவாய் எண்டு கேக்கிறானாம்.” அவர் குரல் உயரவே இல்லை. “ஆரோ என்ர தம்பிக்குப் பக்கத்தில இருந்திருக்கிறான். அவன் என்ன சொன்னவன் எண்டு அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா. எனக்கு அது தெரிய வேணும். தெரிஞ்ச பிறகு வைக்கிறன்.”

அவர் போன பிறகு கோப்பை முதலிலிருந்து எடுத்தேன். எதிர் மேசைக்காரனாகப் படித்தேன். ‘இந்த ஆளை உள்ளே வைக்க வேண்டும், எங்கே ஓட்டை?’ என்று தேடுகிற படிப்பு அது. போக்குவரத்துப் போலீஸ் எடுத்த படங்களில் ஒன்றில் பிக்கப்பின் உட்புறம் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கை ஸ்டியரிங்கோடு ஒட்டினாற்போல முன்னால் தள்ளிக் கிடந்தது. போலீஸ், அரசுத் தரப்பு, நீதிபதி என்று எல்லோருடைய கையையும் கடந்து வந்த படம். ஒப்புக்கொண்டவனின் கோப்பை யாரும் இரண்டாம் முறை புரட்டுவதில்லை.

சிறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் தொலைபேசி.

“சாப்பாடெல்லாம் எப்படிப்பா?”

“கேம்ப்ப விட நல்லாருக்கு சார். குப்பூஸ் ரொட்டிதான் கொல்லுது.”

“உன் உயரம் என்ன?”

“ஆறடிக்கு ஒரு விரக்கட கம்மி. ஏன் சார், பொண்ணு பாத்துருக்கீங்களா?”

“போலீஸ் எடுத்த படத்துல டிரைவர் சீட்டு முன்னால இழுத்து விட்டுருக்கு. நீ அதுல உக்காந்தா உன் முழங்காலுதான் ஹாரன் அடிக்கும். யாருப்பா ஓட்டுனது?”

சிரிப்பு நின்றது. “நான்தான் சார்.”

“துண்டு என்ன கலரு?”

தொலைபேசியை அடுத்த காதுக்கு மாற்றினான். “சார், நீங்க நம்ம வக்கீலா, அவங்க வக்கீலா?”

“அது ஆட்சியப் பொறுத்தது.”

அவனுக்கு அது புரிந்திருக்க வழியில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டான். “நான் தூங்கிட்டு வந்தேன் சார். டபுள் டூட்டி பாத்த அசதி. சாவிய அக்கா வீட்டுக்காரரு, மச்சான்கிட்டக் குடுத்தேன். மோதுனதே தெரியல, சைரன் சத்தத்துல முழிச்சுப் பாக்குறேன், மச்சான் ரோட்டுல நின்னு அழுவுறாரு. அவருக்கு லைசென்ஸ் இல்ல. லைசென்ஸ் உள்ளவன்தான சார் கேச ஏத்துக்கணும்? ஊருல அப்படித்தான? எங்க சித்தப்பா அவரு மொதலாளிக்காக ரெண்டு லாரி கேசு ஏத்துக்கிட்டாரு. ஸ்டேஷன்லயே விட்டுருவாங்க, ஃபைனக் கட்டுனா கலாஸ்.”

ஊரில் அப்படித்தான். லைசென்ஸ் இல்லாதவன் மோதினால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான் என்று, இருப்பவனை ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். எழுத்தருக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும், சமயத்தில் இறந்தவர் வீட்டுக்கும் தெரியும். அதை வெட்கக்கேடு என்று அரசுத் தரப்பில் நின்று வாதாடியிருக்கிறேன். அதற்கு ஆதாரமே இல்லை என்று எதிர்த்தரப்பில் நின்று வாதாடியிருக்கிறேன். ஆனால் இந்த ஊர் ஸ்டேஷனில் சித்தப்பாவை யாருக்கும் தெரியாது. இவன் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பினார்கள். அக்காவின் கணவனோ மனைவியின் பிரசவத்தைக் காரணம் காட்டி அவசர லீவில் பறந்துவிட்டான்.

“உண்மையைச் சொல்லிருவோம். பொய் சொன்னதுக்கும் வண்டியக் குடுத்ததுக்கும் தனியா கேசு வரும். ஆனா இதைவிடச் சின்னது.”

“வேணாம் சார். இப்பத்தான் பிள்ள பொறந்துருக்கு. மூக்கு என் மூக்காம். நான் சொன்னேன்னு வெளிய போச்சு, வேற வக்கீல் பாத்துருவேன்.”

கட்சிக்காரன் சொன்ன இரகசியத்தை அவன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. இதுவும் நல்ல விதி, இதற்கு இரண்டு நாடுகளிலும் பஞ்சமில்லை. எனக்கு இப்போது யார் ஓட்டியது என்று தெரியும். அண்ணனிடம் சொல்ல முடியாது, நீதிமன்றத்திடமும் முடியாது, மறுபடி அதே பொய்யைக் குறிப்பில் எழுதவும் முடியாது. நடைமுறை முழுவதும் தெரிந்தவனுக்குக் கிடைக்கிற சலுகை இதுதான்: எந்தெந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று தள்ளிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

நெடுநேரம் பேசி ஒன்றுக்கு மட்டும் சம்மதம் வாங்கினேன்.

“மச்சானக் கேளுங்க. வரச் சொல்லாதீங்க. கேக்க மட்டும் செய்யுங்க.”

கேட்டேன். வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினேன். மிரட்டவில்லை. மோதியதிலிருந்து ஆம்புலன்ஸ் வரும்வரை நடந்ததைச் சொல்லுங்கள், இறந்தவரின் தாய் கேட்கிறார், அவ்வளவுதான். எங்கள் காலத்தில் சம்மனை வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுச் சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். இப்போது இரண்டு நீலக் குறிகள் போதும். அன்றே நீலமானது. பதில் மட்டும் இல்லை. மறுபடி அனுப்பினேன், அதுவும் நீலமானது.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், மன்னிப்புப் பெறும் முயற்சி நடக்கிறது என்று அவகாசம் கேட்டோம். நீதிபதி பொறுமைசாலி. வெயில் ஏறி இறங்கியது. அண்ணன் அவ்வப்போது வேலை முடிந்து வருவார், என் மேசைக்கு எதிரே உட்காருவார்.

“என்ர கேள்விக்குப் பதில் வந்ததோ ஐயா?”

“இன்னும் இல்ல.”

ஒருநாள் அதைக் கேட்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “முந்தி வந்தா ‘இல்லை’ எண்டு சொல்லுவியள். இப்ப ‘இன்னும் இல்லை’ எண்டு சொல்லுறியள். ஆரிட்டயோ கேட்டிருக்கிறியள்.”

நான் தேநீர் சொன்னேன். அன்றுதான் முதல்முறையாகத் தேநீரைக் குடித்தார்.

குளிர்காலம் முடியும்போது நீதிபதி கடைசி அவகாசம் என்று சொல்லிவிட்டார். அடுத்த தேதியில் தீர்ப்பு. கையெழுத்து இல்லையென்றால் பழைய தண்டனை அப்படியே நிற்கும். சிறையில் இதைச் சொன்னபோது அவன், “விடுங்க சார், பாத்துக்கலாம்” என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

தீர்ப்புக்குச் சில நாட்களே இருந்தபோது, அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில், என் கைபேசியில் ஒரு குரல் வந்து கிடந்தது.

“வணக்கம் சார். நான்தான் ஓட்டுனேன். மச்சினன் தூங்கிட்டு வந்தான். அவரு ரோட்டக் கடக்குறாருன்னு பாத்தேன், பிரேக்குதான் பிடிக்கல. எறங்கி ஓடுனேன். உசுரு இருந்துச்சு. ரூம்ல மொகம் தொடைக்கிற பச்சத் துண்டு, அத மடிச்சு தலைக்கு வச்சேன். சாமி சாமின்னு நான் கத்துறதக் கேட்டு, ‘தமிழோ’ன்னு கேட்டாரு. ‘ஆமாண்ணே’ன்னேன். கைய விட வேண்டாம்னு சொன்னாரு. புடிச்சுக்கிட்டேன். சைரன் சத்தம் கேட்டதும் விட்டுட்டு எந்திரிச்சுட்டேன் சார். பயம். அத எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தன நாளு. இத அவரு அண்ணனுக்குப் போட்டுக் காட்டுங்க, கோர்ட்டுலயும் குடுங்க. நான் வர்றேன். என் வீட்டுக்காரிதான் டிக்கெட்டுப் போட்டா. ‘என் தம்பி உள்ள இருக்கையில பிள்ளைக்குப் பேரு வைக்க மாட்டேன்’னுட்டா.”

விதிப்படி முதலில் கட்சிக்காரனிடம்தான் போக வேண்டும். போனேன். மச்சான் சொன்னதைச் சொல்லி முடித்ததும் அவன் தொலைபேசியைக் காதில் வைத்தபடி கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

“அக்காவா சார் போட்டுச்சு டிக்கெட்ட?”

“ஆமா.”

“அப்ப சரி. அது சொன்னா சொன்னதுதான்.”

மாலையில் அண்ணன் வந்தார். மேசைமேல் கைபேசியை வைத்து ஒலிக்கவிட்டேன். முடிந்ததும், “இன்னொருக்காப் போடுங்கோ” என்றார். மறுபடி கேட்டார். ‘தமிழோ’ என்ற இடத்தில் அவர் கண்ணை மூடியதைப் பார்த்தேன்.

“உள்ளுக்க இருக்கிற பெடியனை மன்னிக்க என்னட்ட ஒண்டுமில்லை ஐயா. அவன் என்ர தம்பிக்கு ஒண்டும் செய்யேல்லை. பேப்பரைத் தாங்கோ, வைச்சு விடுறன்.”

“மத்தவனுக்கு?”

“வரட்டும். கையைப் பிடிச்சவனும் அவன்தான், விட்டவனும் அவன்தான். முகத்தைப் பாக்காமல் நான் எப்பிடிச் சொல்லுறது? அதுக்கு முதல் அம்மாவுக்கு இதைப் போட்டுக் காட்ட வேணும்.”

குரல் செய்தியை அவருக்கு அனுப்பினேன். மன்னிப்புப் பத்திரத்தை நான் கொடுக்கவில்லை. மோதாதவனுக்கு மன்னிப்பு வாங்க எந்த விதியிலும் இடமில்லை. மேல்முறையீட்டுக் குறிப்பைத்தான் முதல் வரியிலிருந்து மாற்றி எழுத வேண்டும். அவர் போனதும் புதுத் தாளை எடுத்து, ஆதாரம் கைக்கு வந்த நாள் என்று அன்றைய தேதியை எழுதினேன். ரமலான் நோன்பு தொடங்கிய முதல் திங்கட்கிழமை.