ஒரே நம்பரில் ஒரு தாமான்

மலர்க்கொடி பல வருஷம் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தவள். மாலை வகுப்பில் புரோகிராமிங் படித்து, ஜாசின் டவுனில் ஒரு சின்ன சாப்ட்வேர் கடையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலாளி சேகரன் அவளிடம் கொடுத்த முதல் பெரிய வேலை, பெம்பான் பக்கத்துக் கோயிலுக்கான பால்குடப் பதிவுச் செயலி. திருவிழா நெருங்கிவிட்டது.

"எதுல எழுதுனா சீக்கிரம் முடியும்னு நீயே பார்த்துச் சொல்லு. ஓடுச்சுன்னா வேலை நிரந்தரம். ஓடலன்னா வேற ஆள் பார்க்கணும்லா" என்றார்.

பெயர், போன் நம்பர், குடத்தின் எண். இந்த ஒரே பக்கத்தை மலர்க்கொடி மூன்று விதமாகச் செய்து பார்த்தாள். ஜாவாவில் உறுதியாக வந்தது, ஆனால் ஒரு சின்ன மாற்றத்துக்கும் பல இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது. பெட்டிகளை இழுத்துப் போட்டாலே திரை வந்துவிடும் ஆன்லைன் கருவியில், மேசையில் இருந்த தே தாரிக் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பைத்தானில் அரை நாள் ஆனது, திரையும் பார்க்க எடுப்பாக இல்லை.

"என்னம்மா இது, கல்யாணத்துக்குப் பழைய சேலையில வந்த மாதிரி இருக்கு?" என்று சேகரன் சிரித்தார்.

ஜாவாவை ஓரங்கட்டிவிட்டு, மற்ற இரண்டையும் மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தாள். சேகரனும் கூட வந்திருந்தார். முதலில் ஆன்லைன் கருவியைத் திறந்தாள். முதல் ஆளாக வந்தவர் காளியம்மா.

"போன் நம்பர் சொல்லுங்க ஆண்ட்டி."

"என் நம்பர்தான். எங்க தாமான் வீடுங்க மொத்தத்துக்கும் அதையே போடு. அதுங்க எங்க போனை எடுக்குதுங்க!"

காளியம்மா வரிசையாகப் பெயர்களைச் சொன்னார். கடைசியில் திரையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஒரு நம்பருக்கு ஒரே ஆள் என்று மலர்க்கொடி விதி வைத்திருந்தாள். புதிதாக வந்த ஒவ்வொரு பெயரும் பழையதை அழித்துவிட்டது. தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க ஒரே கடையின் நம்பரைக் கொடுத்த காலத்தில் வளர்ந்தவள் அவள். அவளுக்கே இது தோன்றவில்லை.

"என்னம்மா, எங்க ஆளுங்கள சாமி முன்னாலயே காணாம ஆக்கிட்ட?" என்றார் கோயில் தலைவர் மணியம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சேகரன் மட்டும் சிரிக்கவில்லை.

மலர்க்கொடி மடிக்கணினியை அருகே இழுத்தாள். ஆன்லைன் கருவியில் அந்த விதியை மாற்ற வழி தேடினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்றது அது. பைத்தானைத் திறந்தாள். அதிலும் அதே விதிதான், ஆனால் அது ஒரே இடத்தில் இருந்தது. ஆளைப் போன் நம்பரால் அடையாளம் காணாமல் குடத்தின் எண்ணால் அடையாளம் காணும்படி மாற்றினாள்.

"ஆண்ட்டி, மறுபடியும் சொல்லுங்க."

"அதுக்குள்ள சரி பண்ணிட்டியா? என் டீ இன்னும் சுடுதே!"

பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. எதுவும் மறையவில்லை. தாமான் வாரியாகப் பிரித்துக் காட்ட முடியுமா என்று மணியம் கேட்டார். தாமான் பெயருக்கு ஒரு கட்டம் சேர்த்து, அதையும் அங்கேயே செய்து கொடுத்தாள்.

சேகரன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "அந்தப் பழைய சேலையே இருக்கட்டும். நாளைக்கு ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போட்டுடு" என்றார்.

மலர்க்கொடி வேகமாகத் தலையாட்டினாள்.

"ஏம்மா," என்று திரையை எட்டிப் பார்த்த காளியம்மா கேட்டார், "ஊர் பேரெல்லாம் இருக்கு. என் பேர் எங்க?"

"நீங்க சொல்லவே இல்லையே ஆண்ட்டி!" மலர்க்கொடி சிரித்துக்கொண்டே அந்தப் பெயரையும் தட்டினாள். அதே நம்பர்தான். பெயர் அப்படியே நின்றது.