அக்கா தீ மிதித்த ஆண்டு

பூசாரி அக்காவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டி முடித்தபோது அப்பாவின் முகம் கறுத்துப்போனது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மறுநாள் கனடாவிலிருந்து மாப்பிள்ளை வருவதாக இருந்தது. தீ மிதிக்கக் காப்புக் கட்டியவர்கள் பத்து நாளும் கோயிலிலேயே தங்க வேண்டும். அதுவரை கல்யாணப் பேச்சு கூடாது. மாப்பிள்ளைக்கோ ஒரு வாரம்தான் விடுப்பு.

எங்கள் தீவு நாட்டில் ராணுவம் முதல் முறை ஆட்சியைப் பிடித்ததற்கு மறு வருடம் அது. ரராவாய் சர்க்கரை ஆலையைச் சுற்றியிருந்த கரும்புத் தோட்டங்களில், வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஒரு பெண்ணைக் கொடுத்துவிட்டால் அவள் பின்னால் குடும்பமே வெளியேறிவிடலாம் என்ற கணக்கு எல்லா வீட்டிலும் இருந்தது. நாங்களும் அக்காவைத்தான் நம்பியிருந்தோம். அவளோ தலைநகர் சுவாவில் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்து, இடம் கிடைத்த பிறகே வீட்டில் சொன்னாள். ஆலைக்குக் கரும்பு ஏற்றும் கத்தோலிக்க லாரிக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டாள்.

வீட்டில் நாங்கள் இந்துஸ்தானிதான் பேசுவோம். கோபம் வந்தால்தான் அப்பாவுக்குத் தமிழ் வரும். அன்று கோயில் வாசலில் வந்தது.

“கல்யாணத்துக்குத் தப்பிக்க ஆத்தாளையே ஏமாத்துறியாடி?”

“ஏமாத்தலப்பா. உங்கிட்ட சொன்னேன், நீ கேக்கல. அதான் அவகிட்ட வந்தேன்.”

மாப்பிள்ளை வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, லௌடோகாவில் வேறு பெண்ணைப் பார்க்கப் போனார். பத்தாம் நாள் அக்கா தலையில் கரகத்தோடு குழியில் இறங்கினாள். சுத்தமான மனதோடு இறங்குபவரைத் தீ சுடாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவள் முகம் சுளிக்காமல் கரையேறினாள். அதுவரை கிட்டேயே போகாத அப்பா, விறுவிறுவென்று போய் அவள் தோளைப் பிடித்துக் கோயிலுக்குப் பின்புறம் கூட்டிப்போனார். கோபம் தீர்ந்தது என்று அம்மா அழுதாள். ஆனால் அன்றைக்குப் பிறகு அப்பா அவளோடு பேசவே இல்லை.

அக்கா படித்து நர்ஸ் ஆனாள். லாரிக்காரரையே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஞாயிறன்று அவர் சர்ச்சுக்குப் போவார். இவள் ஆடி பிறந்தால் கோயிலுக்கு வந்துவிடுவாள். மறுபடியும் ஒரு தரம் ஆட்சி கவிழ்ந்தபோது, அதற்குள் ஆக்லாந்தில் குடியேறியிருந்த அண்ணன் எங்களை அழைத்துக்கொண்டார்.

நாங்கள் கிளம்பிய அன்று, நாடி விமான நிலையத்துக்கு அக்கா வேலை முடிந்து சீருடையோடு வந்தாள். அப்பா அவளிடம் போய் நின்றார். கோபமில்லாமல் அவர் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

“அன்னைக்குக் கால் சுட்டுச்சா?”

“சுட்டுச்சுப்பா. அதுக்காக ஆத்தாகிட்ட கோச்சிக்க முடியுமா?”

“நீ நடக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. ஊருல யாரும் பாத்து ஒன்னு சொல்லிடக் கூடாதுன்னுதான் புடிச்சிக்கிட்டுப் போனேன்.”

“அப்புறம் ஏம்ப்பா இத்தினி வருசம் பேசல?”

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விமானத்துக்கு அழைத்தார்கள். அவர் அவள் கையை விடாமல் நின்றதால், வரிசையில் கடைசியாகப் போனது எங்கள் குடும்பம்தான்.