இரண்டாவது வார்

ஆம்பூர் கடைத்தெருவில் நிற்கிறேன். சாயங்காலம் வேலூரில் நண்பனின் கல்யாண வரவேற்பில் வாசிக்க வேண்டும். பஸ் நெரிசலில் கிடாரின் தோள்வார் அறுந்துவிட்டது. செருப்புக் கடை பாய் கிடாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

“இன்னா சார், இத்தினூண்டு இருக்குது? கொழந்தைங்களுதா?”

“ஊர் ஊரா தூக்கிட்டுப் போறதுக்கு பாய். ஸ்பீக்கர்ல மாட்டினா மண்டபமே அதிரும்.”

விரல் முட்டியால் தட்டுகிறார். “இன்னா மரம்?”

“காட்டை அழிக்காம, நட்டு வளர்த்து வெட்டின மரம்.”

“இங்க தோல் கம்பெனிக்கு வர்ற ஃபாரின்காரனும் அதான் கேக்கறான், தோலு எங்கேர்ந்து வந்துச்சுன்னு!”

சிரித்தபடியே பழுப்புத் தோலில் வார் வெட்டி, ஓட்டை போட்டு, ஓரம் தைத்துத் தருகிறார். மாட்டிப் பார்க்கிறேன், கச்சிதம். இரண்டு பாட்டு வாசித்துவிட்டு நிமிர்ந்தால், அதே அளவில் இன்னொரு வாருக்கு ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறார்.

“பாய், ஒண்ணு போதுமே!”

ஊசி நிற்கிறது. “அட! செருப்பு தைக்கிற கை சார் இது. ஒத்தையா எதையும் செஞ்சதே இல்ல.”

கடையே சிரிக்கிறது. அவர் மட்டும் மிச்சத்தையும் தைத்து முடித்து, அதைச் சுருட்டி என் பையில் திணிக்கிறார்.

“வெச்சுக்கோங்க. கல்யாணத்துக்குப் போறீங்க, கூட வாசிக்க ஒரு ஆளு கெடைக்காமயா போய்டும்?”