செருப்புப் போட்ட எழுத்துகள்

குழம்புக் கறை படிந்த ஒரு கோடு போட்ட தாள் என் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. போன வாரம்தான் மறுபடி ஒட்டினேன். அதில் ஒரு 'க' செருப்புப் போட்டுக்கொண்டு, ஒற்றைக் காலைத் தூக்கி ஆடுகிறது. வரைந்தவர் மதினி, என் அண்ணன் மனைவி.

திண்டுக்கல்லில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருவார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கை சும்மா இருக்காது; அப்படி வரைந்ததுதான் இது. எல்லா எழுத்தையும் வரைந்து கொடுங்கள், கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று விளையாட்டாகச் சொன்னேன். ஒரே மாதத்தில் மொத்தத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். பிறந்தநாள், காதுகுத்து, ஐஸ்கிரீம் கடை, பள்ளி வேன் என்று ஊரெல்லாம் அவை ஆடின. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அவற்றை எண்ணிக்கொண்டே வருவார் மதினி.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவன் நான்தான். தாடிக்கொம்புப் பக்கம் ஒரு பூ விவசாயி இறந்துபோனார். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு நாங்கள்தான் மதினியின் எழுத்தில் ஃப்ளெக்ஸ் அடித்திருந்தோம். போட்டோதான் இருக்கிறதே என்று அதே ஃபைலைத் திறந்து, வாசகத்தை மட்டும் மாற்றி, அவசரத்தில் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இறந்த மனிதரின் தலைக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி' செருப்புக் காலோடு ஆடியது. கட்டிய பிறகுதான் கவனித்திருக்கிறார்கள். அவர் மகன் போனில் திட்டவில்லை; வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

கேட்டதும் மதினியின் முகம் செத்துவிட்டது. "அந்த எழுத்த அழிச்சிரு தம்பி. இனி வேணாம்" என்றார். சரி என்றேன். ஆனாலும் பைக்கில் என் பின்னால் ஏறிக்கொண்டார். அங்கே ஃப்ளெக்ஸை இறக்கி, வெள்ளைப் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, தெருவிலேயே முழங்காலிட்டுக் கறுப்பு பெயின்டால் எழுதினார். அதே எழுத்துகள்தான். ஆனால் எல்லாம் வெறுங்காலோடு, காலை மடக்கித் தரையில் உட்கார்ந்திருந்தன, சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவர்கள் மாதிரி. மகன் வெகுநேரம் பார்த்தார். பிறகு கயிற்றை வாங்கி அவரே கட்டினார்.

அதற்குப் பின் மதினி ஒரு எழுத்தும் வரையவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்வதையும் விட்டுவிட்டார். நான் அந்தத் தாளை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து, போன வாரம் அந்த மகன் கடைக்குள் வந்தார். மகளுக்குக் காதுகுத்தாம். சாப்பாட்டுக் கேரியரோடு மெதுவாக நழுவப் பார்த்த மதினியை அவர் நிறுத்தினார்.

"அப்பாவுக்கு வருஷம் முடிஞ்சிருச்சுக்கா. உக்காந்தது போதும், அதுகளுக்குச் செருப்ப மாட்டிவிடுங்க."

மதினி கேரியரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி... அழிச்சிட்டியா?" கேட்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

நான் டிராயரைத் திறந்து, குழம்புக் கறைத் தாளை எடுத்து, அவர் முன்னாலேயே திரையோரத்தில் ஒட்டினேன்.

"இருக்கு மதினி. அம்புட்டும் இருக்கு."